பிஸ்கட் டப்பாவில் வந்த இருபத்தெட்டுப் பற்கள்

ஓடுகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்தியதற்காக எனக்கு ஒரு மெமோ உண்டு. காரணம் எழுதும் இடத்தில் ‘மரம் வெட்டுபவருக்கு ஆலோசனை கூறியது’ என்று அதிகாரி எழுதியிருக்கிறார். அது தப்பு. நான் ஆலோசனை கூறவில்லை, ஏசினேன்.

தக்கலை தாண்டி ஒரு வளைவில் ஒருவர் மெஷின் வாளால் புளியமரக் கிளையை அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்தார் என்று சொல்ல முடியாது. புகைதான் வந்தது. பெட்ரோலில் ஓடுகிற அந்த வாளில் செயின் சுற்றிவரும், செயினில் உள்ள பற்கள் மரத்தைச் சீவும். அந்த மனிதர் செயினைத் திருப்பிப் போட்டிருந்தார். பற்கள் எல்லாம் பின்னால் பார்த்துக்கொண்டு மரத்துக்கு முதுகு தேய்த்துவிட்டன. எனக்குத் தாங்கவில்லை. ஒரு விசில் அடித்து வண்டியை நிறுத்தி, இறங்கி, அவரை நாலு வார்த்தை ஏசி, செயினைக் கழற்றிச் சரியாக மாட்டிக் கொடுத்தேன். மூன்று நிமிஷம்தான். அவர் மறுபடி கயிற்றை இழுத்து வாளை வைத்தார். இத்தனை நேரம் அழுத்திப் பழகிய கை, அதே அழுத்து அழுத்தியது. கிளை வாழைத்தண்டாக அறுந்து பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் விழுந்தது. மெமோ அந்தக் கிளைக்காகத்தான்.

நான் எபிசன். வடசேரியிலிருந்து களியக்காவிளை போகும் ஏழே முக்கால் வண்டியின் கண்டக்டர். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நேரமில்லை என்பதுதான் உண்மை. சாயந்திரம் டியூட்டி முடிந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்குள் போய்விடுவேன். அங்கே இப்போது பதினோரு மெஷின் வாள்கள் கிடக்கின்றன. ஸ்டார்ட் ஆகாதவை, ஆகி நின்றுபோகிறவை, கார்புரேட்டர் அடைத்தவை, பல் மழுங்கியவை. ஒன்றுகூட என்னுடையதல்ல. எனக்கு வெட்டுவதற்கு மரமும் இல்லை. மூன்றரை சென்டில் வீடு போக ஒரு முருங்கை நிற்கிறது. முருங்கைக்கு வாள் எதற்கு, கோபமாகப் பார்த்தாலே ஒடிந்துவிடும்.

ஒக்கி புயலில் பிடித்த பைத்தியம் இது. ரப்பரும் அயினியும் ரோட்டுக்கு ரோடு விழுந்துகிடந்த நாட்களில் பஸ் ஓடவில்லை. விழுந்த மரங்களை அகற்றப் போனேன். என் கையில் கொடுத்த மெஷின் மரத்தைத் தின்னாமல் மாவு துப்பியது. பக்கத்தில் நின்ற ஒருவர், பென்சில் மாதிரி மெலிந்த வட்ட அரம் ஒன்றை எடுத்துப் பத்து நிமிஷம் பற்களைத் தேய்த்துத் தந்தார். அதன்பிறகு அது துப்பியது மாவல்ல, அவல். மழுங்கிய பல் மாவாக அரைக்கும், கூரான பல் அவலாகச் சீவும். ரப்பர்மர அவல் சட்டைக் காலருக்குள் கொட்டிய அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம், அரசாங்க வேலை கிடைத்த அன்றுகூட வந்ததில்லை.

ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு. முன்னோக்கி மட்டும்தான் தள்ள வேண்டும், பின்னால் இழுக்கவே கூடாது. இடது பல் எவ்வளவு நீளமோ வலது பல்லும் அவ்வளவே இருக்க வேண்டும். மாறிப்போனால் வாள் நேரே போகாது, வளைந்து போகும். இதற்கெல்லாம் நான் காசு வாங்குவதில்லை. வாங்கினால் அது வேலையாகிவிடும், பிறகு லீவு போடத் தோன்றும்.

என்னிடம் ஒரு குணக்கேடு உண்டு. பல் விஷயத்தில் பொய் சொல்ல வராது. எங்கள் பக்கத்தில் எதைக் காட்டினாலும் ‘கொள்ளாம்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். புது வீடு, புது மருமகள், மீன்குழம்பு, எல்லாவற்றுக்கும் கொள்ளாம்தான், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இன்னொருவர் தேய்த்த செயினைப் பார்த்து அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. என் சிநேகிதன் ஒருவன் தேய்த்துக்கொண்டு வந்து காட்டினான். ‘நீ பல்லு தேய்க்கல, பல்லப் புடுங்கியிருக்க’ என்றேன். அவன் இன்றுவரை என் பஸ்ஸில் ஏறுவதில்லை.

ஷைஜா ஏறுவது சுவாமியார்மடத்தில். இறங்குவது மார்த்தாண்டத்தில். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய அண்ணன் டிஜோ, ரப்பர் தோட்டங்களில் பழைய மரம் வெட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்ட்காரர். வீட்டில் மூன்று மெஷின்கள். இரண்டு பெரியவை தோட்டத்துக்குப் போகும். சின்னது வீட்டில் விறகு அறுக்க. நாலு மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை ஷைஜா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என்னிடம் நீட்டினாள். உள்ளே பேப்பர் விரித்து, அதன்மேல் அந்தச் சின்ன மெஷினின் செயின், பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது.

“சாரே, நீங்க இதச் செய்வியன்னு சொன்னாவ. அண்ணனுக்க செயினாக்கும்.”

டப்பாவை வாங்கி அங்கேயே ஒரு பல்லைத் தடவிப் பார்த்தேன். பரிதாபமான பல். “திங்கக்கிழம தாறேன்” என்றேன். சொன்னபடி திங்கட்கிழமை கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை டப்பா திரும்பி வந்தது. அதற்கடுத்த வெள்ளியும் வந்தது.

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அந்தப் பெண் கேள்வி கேட்பாள். “பல்லுக்கு முன்னால ஒரு சின்ன மேடு இருக்கே, அது எதுக்காக்கும்?” என்று ஒருநாள் கேட்டாள். ஒக்கியிலிருந்தே இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவன் நான். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அந்த மேடுதான் முடிவுசெய்கிறது என்பதில் தொடங்கி, விரலைப் பல்லாகவும் டிக்கெட் மெஷினை மரமாகவும் வைத்து விளக்கினேன். மார்த்தாண்டம் வந்தபோதுதான் நிறுத்தினேன். அவ்வளவு தூரத்தில் நான் கொடுத்த டிக்கெட் நாலு.

ஒரே ஒரு குறை அவளிடம் எனக்குத் தெரிந்தது. வண்டியில் ஏறுகிற எல்லாப் பெண்பிள்ளைகளும் என்னை ‘அண்ணே’ என்பார்கள். இவள் மட்டும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. சாரே, கண்டக்டர் சாரே, அல்லது ஒன்றும் கூப்பிடாமல் ஒரு பார்வை. கொஞ்சம் மரியாதை போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியில் இருந்தவர்களுக்கு வேறு நினைப்பு. டிரைவர் பாவா காக்கா தேங்காப்பட்டணத்துக்காரர், இருபது வருஷம் வண்டி ஓட்டியவர், கண்ணாடியில் பார்த்தே யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லுவார். சுவாமியார்மடத்தில் ஷைஜா ஏறியதும் அவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். முன்சீட்டில் பூங்கனி அக்கா இருப்பார். தோவாளையில் பூ எடுத்து மார்த்தாண்டத்தில் விற்கிறவர். “தம்பி, டப்பா வந்தாச்சு கேட்டியா” என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லுவார். பின்சீட்டில் காலேஜ் பையன்கள் கனைப்பார்கள். இருமல் சீசன் என்று நினைத்தேன்.

ஒன்பதாவது வெள்ளிக்கிழமையோ என்னவோ, செயினை அவளிடம் காட்டிச் சொன்னேன்: “இஞ்ச பாருங்க. ஒவ்வொரு பல்லு மேலயும் சரிஞ்சு ஒரு கோடு இருக்குல்லா? தேச்சுத் தேச்சு பல்லு அந்தக் கோட்டுக்கு வந்துட்டுன்னா அதுக்க காலம் முடிஞ்சு.”

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் எத்தன தடவ தேய்க்கலாம்?”

“ரெண்டு. மெனக்கெட்டா மூணு.”

“அதுக்கப்பறம்?”

“ஆக்கர் கடையில எடைக்குப் போட வேண்டியதுதான்.”

அவள் முகம் சுண்டிப்போனது. இவ்வளவு வாள் பிரியம் உள்ள பெண்ணை நான் பார்த்ததில்லை. “வெசனப்படாதீங்க, பல்லுன்னா தேயத்தான் செய்யும்” என்று ஆறுதல் சொன்னேன். முன்சீட்டில் பூங்கனி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை. ஷைஜா மார்த்தாண்டத்தில் இறங்கிப் போனதும் பூங்கனி அக்கா கூடையைத் தலைக்கு ஏற்றாமல் என் முன்னால் நின்றார். “தம்பி, ஷைஜாவுக்குப் பொண்ணு பாக்க வாராவ. வாற ஞாயித்துக்கெழம. மாப்ளைக்கு குவைத்துல வேல. எல்லாம் ஒத்துப்போச்சுன்னா அடுத்த மாசமே கெட்டு.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“நல்லதுதானே” என்றேன்.

சொன்னதும் வயிற்றில் என்னவோ பிசைந்தது. காலையில் தின்ற புட்டும் பழமும் சேரவில்லை என்று முடிவுசெய்தேன். புட்டும் பழமும் எனக்கு முப்பத்தாறு வருஷமாகச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் டப்பா வந்தது. ஷைஜா அதை என் கையில் வைத்தாள், இறங்கும்போது ஒருதடவை திரும்பிப் பார்த்தாள். “திங்கக்கிழம தாறேன்” என்றேன். “திங்கக்கிழம” என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயந்திரம் கொட்டகையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். இருபத்தெட்டுப் பல்லும் போயிருந்தன. ஒன்று பாக்கியில்லை. இதுவரை ஏழெட்டுப் பல்தான் மழுங்கி வரும். போன திங்கட்கிழமை ஷேவ் பண்ணலாம் என்கிற மாதிரி கொடுத்த செயின். நாலு விறகு அறுத்ததற்கு இப்படியா ஆகும்? லென்ஸை எடுத்தேன்.

ஓடுகிற செயின் கல்லில் பட்டால் கீறல் ஓடுகிற திசையில் விழும். இதில் கீறல்கள் குறுக்கே இருந்தன. அப்படியென்றால் மெஷின் ஓடவே இல்லை. யாரோ ஒவ்வொரு பல்லாகப் பிடித்துக் கையால் கல்லில் தேய்த்திருக்கிறார்கள். ஒரு பல்லின் இடுக்கில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. ஊசியால் எடுத்து மோந்து பார்த்தேன். துணி சோப்பு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பல்லை வேண்டுமென்றே மழுக்குவதா? பச்சைப்பிள்ளைக்குச் சூடு வைக்கிற மாதிரியல்லவா? யார் என்று யோசித்தேன். துவைக்கிற கல்லுப் பக்கம் போகிறவன். சின்ன மெஷினைத் தொடுகிறவன். வேலை செய்யாமலிருக்கக் காரணம் தேடுகிறவன். டிஜோவிடம் வாள் பிடிக்கும் வேலைக்காரன் சிஜோ அந்த வீட்டுப் பின்கட்டில்தான் தங்கியிருக்கிறான். அவன்தான் விறகும் அறுக்கிறான். துணியும் அவனேதான் துவைத்துக்கொள்வான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சனிக்கிழமை ஷைஜா வரவில்லை. மறுநாள் பெண் பார்க்கிற வீடு, லீவு போட்டிருப்பாள். வடசேரியில் வண்டி கிளம்புமுன் பாவா காக்காவிடம் லென்ஸைக் கொடுத்து எல்லாவற்றையும் காட்டினேன். கீறல், சோப்பு, சிஜோ.

அவர் செயினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “மக்கா, நீ படிச்சவன்தானே?”

“பி.காம்.”

“செரி. அந்த வீட்டுல துணி துவைக்கது சிஜோ மட்டுந்தானா?”

“மத்தவங்க துவைக்கது இப்பம் எதுக்கு? செயின் வெசயம் பேசுதேன்.”

“யா அல்லா” என்றார் காக்கா. வாயைத் திறந்து மேலே சொல்லப் போனார். முன்சீட்டிலிருந்து பூங்கனி அக்கா கையை நீட்டித் தடுத்தார். “சொல்லாதேயும் காக்கா. வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுத ஆளு. தானாட்டு வெளங்கட்டும்.”

“எனக்கு நெய்யெல்லாம் வேண்டாம், ஆயில் போதும்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டப்பாவும் லென்ஸுமாக டிஜோ வீட்டுக்குப் போனேன். சட்டைப்பையில் எப்போதும்போல வட்ட அரம் இருந்தது. அன்று ஞாயிறு என்பதும், எந்த ஞாயிறு என்பதும் எனக்குத் தெரியாமலில்லை. கோபம் வந்தால் எனக்குக் காலண்டர் மறந்துவிடும். வாசலில் ஒரு கார் நின்றது. மரத்தடி வாங்க வந்த பார்ட்டி என்று நினைத்து நேரே உள்ளே போனேன்.

முன்னறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். டீப்பாயில் முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் வத்தல், மிக்சர். நடுவில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் வெளிநாட்டு அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா. டிஜோ என்னைப் பார்த்ததும் எழுந்தார். “எபிசனே, என்ன இந்த நேரத்துல?”

“உங்க வீட்டுல ஒரு துரோகம் நடக்குது” என்றேன்.

முந்திரிக்கொத்துத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேப்பரை விரித்துச் செயினைப் போட்டேன். லென்ஸைப் பக்கத்தில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரரிடமே கொடுத்தேன். கீறலைச் சொன்னேன், நீல சோப்பைச் சொன்னேன், சிஜோ ஓட்டிய பெரிய மெஷினின் செயின் போன மாதம் அறுந்து டிஜோவின் பூட்ஸைக் கிழித்ததையும் நினைவுபடுத்தினேன். வெள்ளைச் சட்டைக்காரர் சுவாரஸ்யமாகக் குனிந்து பார்த்தார். குவைத்தில் எண்ணெய்க் குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலையாம்.

“ஆமா, ஸ்கிராட்ச் எல்லாம் குறுக்காத்தான் போவுது. கையால தேச்சதாக்கும்” என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

டிஜோவின் காது சிவந்தது. பூட்ஸ் கிழிந்த நாளிலிருந்தே அவருக்குச் சிஜோ மேல் ஒரு சந்தேகம் இருந்தது. “லேய் சிஜோ” என்று கூப்பிட்டார். பின்கட்டிலிருந்து அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“இது நீ செஞ்சதா?”

சிஜோ செயினைப் பார்த்தான். பிறகு உள்ளே போகிற கதவைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துவிட்டு, “நான்தான்னு வச்சுக்கிடுங்க அண்ணே” என்றான்.

“வச்சுக்கிடவா? சாமானத்த எடுத்துட்டு எறங்குலே.”

அவன் போய்ப் பையோடு வந்தான். ஒரு கைலியின் முனை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வெற்றி பெற்ற சந்தோஷம் ஒரு பத்து நொடி இருந்திருக்கும். வாசல்படியில் நின்று சிஜோ என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் கோபமே இல்லை.

“அண்ணே, ரெண்டாவது மெஷினு சூடானா நின்னுபோவுது. கார்புரேட்டரா இருக்கும். நான் இல்லாட்டாலும் நீங்க பாத்துக் குடுங்க.”

மெஷினை இப்படி நினைக்கிறவன் பல்லைக் கல்லில் தேய்ப்பானா? நான் எதையோ தப்பாகப் படித்துவிட்டேன் என்று அப்போதுதான் முதல்முதலாகத் தோன்றியது.

வெள்ளைச் சட்டைக்காரர் இன்னமும் லென்ஸோடு குனிந்திருந்தார். “ஒரு வெசயம்” என்றார். “வெறுப்புல செய்யுதவன் நாலு பல்லோட நிறுத்திருவான். இது இருபத்தெட்டும் ஒண்ணுபோல இருக்கு. ரொம்பப் பொறுமையா, உக்காந்து செஞ்சிருக்காவ.” சொல்லிவிட்டு அவரும் உள்கதவைப் பார்த்தார்.

கதவில் ஷைஜா நின்றாள். நீலச் சேலை, கையில் டீ டிரே. “சிஜோ போவாண்டாம்” என்றாள். “நான்தான் தேச்சேன்.”

“நீயா?” டிஜோ அவள் பக்கம் திரும்பினார். “எதுக்குட்டி?”

“துவைக்குத கல்லுல வச்சுத் தேச்சேன். வியாழக்கிழம தோறும். சிஜோ ஒருநாள் கண்டான், நான்தான் யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்.”

“எதுக்குன்னுல்லா கேக்குதேன்.”

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், அதுவும் கோபமாக. “செயின் கூரா இருந்தா அத எடுத்துக்கிட்டு நான் எப்படி பஸ்ஸுல வாறது?”

எல்லாருக்கும் விளங்கிவிட்டது, அந்த அம்மா உட்பட. எனக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. பதினோரு வெள்ளிக்கிழமை. பாவா காக்காவின் இரண்டு ஹாரன். காலேஜ் பையன்களின் இருமல். சுண்டிப்போன முகம். புட்டும் பழமும். ஒருதடவைகூட வராத அந்த ‘அண்ணே’. ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பிறகு என் கொட்டகையில் கிடக்கும் பதினோரு மெஷினும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆன மாதிரி தலைக்குள் ஒரு இரைச்சல். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, உட்கார இடம் தேடினேன், மிக்சர் தட்டில் கை வைத்துவிட்டேன். இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறதென்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வந்தவர்களையும் பூங்கனி அக்கா தடுத்துவிட்டார்.

ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்கிறது. நான் சட்டைப்பையிலிருந்து வட்ட அரத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். “கல்லுல தேய்க்காண்டாம்” என்றேன். “பல்லுக்க முனை போயிரும். இத வச்சுத் தேய்க்கணும்.”

டிரேயை டீப்பாயில் வைத்துவிட்டு அவள் அரத்தை வாங்கினாள். “மூணு தள்ளுல்லா?”

“மூணு.”

“முன்னால மட்டும்.”

“முன்னால மட்டும்” என்றேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் லென்ஸை மெதுவாகக் கீழே வைத்தார். ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தார். “அம்மா, டீயக் குடிங்க, போவோம். எனக்க இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சு” என்றார். போகும்போது என் தோளில் தட்டினார். “ரிப்போர்ட் கிளியராக்கும்.” அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

கார் போனபிறகு டிஜோ தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்புறம் தலையைத் தூக்காமலேயே, “லேய் சிஜோ, பைய உள்ள கொண்டு வை” என்றார். சிஜோ அருகே போய் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “மன்னிச்சிரு மக்கா. ஆளத் தெரியாமப் பேசிட்டேன்” என்றேன். அவன் சிரித்தான். “கார்புரேட்டரப் பாத்துக் குடுங்க, அது போதும்.” டிஜோ இப்போது என்னைப் பார்த்தார். “நீரு இன்னுமா நிக்கீரு? வீட்டுல பெரியவங்க இருந்தா கூட்டிக்கிட்டு முறையா வாரும்வே.”

நான் வீடுவரை நடந்தேன். ஐந்து கிலோமீட்டர். பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை. கண்டக்டருக்கு இப்படியும் ஒரு நாள் வரும்.

திங்கட்கிழமை ஏழே முக்கால் வண்டி வடசேரியில் கிளம்பும்போதே செய்தி முன்னால் போய்விட்டிருந்தது. பூங்கனி அக்கா பிச்சிப்பூவில் ஒரு முழம் தனியாக வாழையிலையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வில்லுக்குறியில் இறங்க வேண்டிய ஒருவர் இறங்கவில்லை. கேட்டதற்கு, “சுவாமியார்மடம் வரைக்கும் கொண்டு விடுங்க, பாத்துட்டுத் திரும்பி வாறேன்” என்று அதுவரைக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டார்.

சுவாமியார்மடத்தில் ஷைஜா ஏறினாள். பாவா காக்கா ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் திருப்பி எங்களைப் பார்த்தார். அவள் கையில் அதே பிஸ்கட் டப்பா. எனக்குப் பகீர் என்றது. “திரும்பவும் கல்லுலயா?”

“தொறந்து பாருங்க.”

திறந்தேன். அதே செயின், நான் நேற்று டீப்பாயிலேயே விட்டுவிட்டு வந்தது. தேய்த்திருந்தாள். அரத்தால், அவளே, இருபத்தெட்டையும். அவள் வலது கை விரல்கள் இரண்டில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

பழக்கதோஷத்தில் லென்ஸை எடுத்தேன். பார்த்தேன். கர்த்தாவே. இடது பல் பதினான்கும் ஒரு நீளம், வலது பல் பதினான்கும் இன்னொரு நீளம். இந்தச் செயினை மாட்டி மரத்தில் வைத்தால் வாள் வட்டமடித்துத் திரும்பிவந்து வெட்டுகிறவனிடமே விசாரிக்கும். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு திசையில் சாய்ந்திருந்தது. ஆறேழு பல்லில் பின்னால் இழுத்த கீறல் தெளிவாகத் தெரிந்தது. கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தாள். ஆக்கர்காரன்கூட யோசித்துத்தான் எடுப்பான்.

வண்டியில் என் குணம் எல்லாருக்கும் தெரியும். என் பஸ்ஸில் ஏறாத அந்தச் சிநேகிதன் கதையும் தெரியும். பூங்கனி அக்கா கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டார். ஷைஜா பிளாஸ்திரி விரலால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

லென்ஸை மடக்கிப் பையில் வைத்தேன்.

“கொள்ளாம்” என்றேன்.

பல் விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. சொல்லி முடித்தபிறகு விசில் அடிக்க வேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிற்று. பாவா காக்கா தானாகவே வண்டியை எடுத்தார்.